ஞாபகம் தப்பாத ஆள்

எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஞாபகம் தப்பாத ஆள். பிரஸ் ஷாப்பில் நூறுக்கு மேல் டை இருக்கும். தகட்டை அழுத்தி வண்டிப் பாகமாக மாற்றுகிற இரும்பு அச்சுக்கு டை என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு, போல்ட் வேறு, வைக்கும் இடம் வேறு. டை மாற்றுகிற மற்ற செட்டர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வருவார்கள். நான் தலையிலேயே வைத்திருந்தேன். சூப்பர்வைசர் நடந்துகொண்டே கேட்பார், நானும் நடந்துகொண்டே சொல்வேன். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, என்னோடு வேலை பார்த்தவனின் வலது கையில் மூன்று விரல்கள் பிரஸ்ஸுக்குள் போய்விட்டன. தவறு யாருடையது என்ற கேள்வி வந்தபோது, என் ஞாபகத்தைத்தான் எல்லோரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஞாபகசக்தியை வளர்க்க நான் செய்யாத காரியம் இல்லை. எல்லாம் தினப்படி செய்யக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள். அவை பலித்தன. பலித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் சரிபார்த்தாலும் அதை விரல் நீட்டிக் காட்டி, சத்தமாகச் சொல்ல வேண்டும். கண், கை, வாய் மூன்றும் சேர்ந்து செய்தால் மனசு ஏமாற்றாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். டை மாற்றும்போது பிரஸ்ஸின் பேனலில் இருக்கும் சாவியைத் திருப்பி, உருவி, என் பேண்ட்டின் வலது பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு காலியான சாவித்துவாரத்தை விரலால் காட்டி, “சாவி என்கிட்ட” என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவன், “சாவி உங்ககிட்ட, ஓகே” என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் அவன் உள்ளே கை விடலாம். சாவி இல்லாவிட்டால் கால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிரஸ் இறங்காது. எங்கள் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தி எல்லாம் கலந்து ஓடும். ஆனால் இந்த இரண்டு வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் தமிழில்தான். ஒரு ஷிஃப்ட்டில் ஆறு தடவை, வருஷம் முழுக்க, பதினான்கு வருஷமாக நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமையும் சொன்னேன். அவனும் பதில் சொன்னான். நான் போல்ட் எடுக்க அலமாரிப் பக்கம் போனேன். டைக்குள் சிக்கியிருந்த தகட்டுத் துண்டை எடுக்க அவன் கை விட்டான். அவன் கால் பெடலில் பட்டிருக்கிறது. பிரஸ் இறங்கியது.

விசாரணை இரண்டு நாள் கழித்து நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி அதிகாரிகள் மூன்று பேர். “சாவியை எடுத்தீங்களா?” என்று கேட்டார்கள். எடுத்தேன் என்றேன். “நல்லா ஞாபகம் இருக்கா?” என்றார்கள். இருக்கிறது என்று சொல்லி, என் பாக்கெட்டில் இருந்த சாவியை மேஜைமேல் வைத்தேன். விபத்து நடந்த நிமிஷத்திலிருந்து அது என்னிடம்தான் இருந்தது. அவர்களில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்து, “இவருக்கு ஞாபகம் தப்பாது சார்” என்றார். அந்த இடத்தில்கூட எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாவி என்னிடம் இருந்தால் பிரஸ் எப்படி இறங்கும்? அதற்கும் அவர்கள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். லைன் சுவரில் ஓர் ஆணியில் இன்னொரு சாவி எப்போதும் தொங்கும். வேலையைச் சீக்கிரம் முடிக்க அவன் அதை எடுத்துப் பேனலில் போட்டிருக்க வேண்டும், அடிபட்ட அமளியில் யாரோ அதை மறுபடி ஆணியில் மாட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். விதியை மீறியவன் அவனே என்று முடிவானது.

அந்த முடிவில்தான் அவனுடைய பிழைப்பு இருந்தது. பிறர் தவறால் அடிபட்டவனுக்கு டூல் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். தானே விதி மீறியவனுக்குக் கிடையாது. அவன் உத்தனப்பள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், நாற்பது வயது. ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மருந்து மயக்கத்தில் இருந்தான். ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் போகவில்லை.

பத்து நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சாவியைத் திருப்புகிறேன், உருவுகிறேன், பாக்கெட்டில் போடுகிறேன், விரலை நீட்டுகிறேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நான் நீலச் சட்டை போட்டிருந்தேன். கம்பெனி எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை கொடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் திங்கட்கிழமை இல்லை. என்றைக்கோ ஒருநாள். மேஜைக்கு முன்னால் நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னது, நான் தினமும் என்ன செய்வேன் என்பதை. அன்றைக்கு என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை, ஏனென்றால் எனக்குத்தான் ஞாபகம் தப்பாதே.

கம்பெனி மருத்துவ அறைக்குப் புதன்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா வருவார். எனக்கு மறதி வருகிறது மேடம் என்று போய் நின்றேன். நடந்ததைச் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார், கேள்வி கேட்டார், நோய் ஒன்றும் இல்லை என்றார். ஒரு சின்னச் சீட்டில் தமிழில் எழுதியும் கொடுத்தார். ஒரே அளவு தூக்கம், தினம் நடை, பட்டியல் பார்க்காமல் காய்கறி வாங்குவது, பழகிய வேலையை வேறு மாதிரிச் செய்வது, சாயந்திரம் அன்றைய நாளைப் பற்றி மூன்று வரி. எட்டு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் “மறதி” என்று ஏறியது.

ஒரே அளவு தூக்கம் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தூங்குகிறார்கள், பாதிப் பேர் அப்படித்தான் மறக்கிறார்கள். இருந்தாலும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன், போனை வெளி அறையில் வைத்தேன், எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் ஆறரை மணி நேரம் படுக்கையை விட்டு எழுவதில்லை என்று முடிவு பண்ணினேன். மூன்று வாரத்தில் தலை கொஞ்சம் தெளிந்தது. தூக்கம் இல்லாதவனுக்கு வேறு எந்த யோசனையும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பது என் அனுபவம்.

காய்கறி விஷயம் வேடிக்கையாக ஆரம்பித்தது. கடைக்குப் போகும்முன் என் வீட்டுக்குள்ளேயே மனசால் ஒரு நடை நடப்பேன். வாசல்படியில் கத்தரிக்காய் உருள்கிறது, செருப்புக்குள் பச்சைமிளகாய், டி.வி. மேல் ஒரு பூசணிக்காய், குளியலறை வாளியில் கீரைக்கட்டு. சந்தையில் நின்று திரும்ப அதே நடையை நடந்தால் எல்லாம் அங்கங்கே இருக்கும். கொத்தமல்லி மட்டும் மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனது. “பெரிய ஞாபகக்காரரு, ரசத்துக்குத் தழை இல்லாம வந்துட்டாரு” என்றாள் என் மனைவி. கொத்தமல்லியை அவள் தலையில் வைத்து நினைத்தேன். பிறகு விட்டுப்போகவில்லை.

என்னை உலுக்கியது அந்த மூன்று வரிதான். நேற்று நடக்காமல் இன்றைக்கு மட்டும் நடந்தது எதுவோ அதை எழுதச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. பஸ், கேட், பிரஸ், சாப்பாடு, பிரஸ், பஸ். முதல் வாரம் முழுக்கக் கேன்டீன் பொரியலைத்தான் எழுதினேன். திங்கள் பீன்ஸ், செவ்வாய் கோஸ். ஐம்பத்தொரு வயதில் எனக்கு ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் பொரியல் தவிர வித்தியாசம் இல்லை. அப்போதுதான் புரிந்தது. ஒரு வேலையை அச்சு மாறாமல் தினமும் செய்தால், அந்த வேலை மனசில் நிற்கும், அந்த நாள் நிற்காது. என்னை யாரும் எதையும் மறக்கச் செய்யவில்லை. நான் ஒழுங்காக வேலை செய்து செய்தே என் நாட்களைத் தொலைத்திருக்கிறேன்.

அதனால் வித்தியாசங்களை நானே உண்டாக்கிக்கொண்டேன். இடது கையால் பல் துலக்கினேன், வாயெல்லாம் நுரை. ஏரிக்கரைக்குத் தினம் ஒரு தெரு வழியாக நடந்தேன். ஒவ்வொரு தெருவிலும் ஒரு பொருளைக் குறித்துக்கொள்வேன். பச்சைக் கேட், ஒற்றைக் கால் நாற்காலி, கன்னடத்தில் பெயர் எழுதிய தையல் கடை. வேலையில், சாவியை உருவியதும் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கிழமையையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். “வியாழன், சாவி என்கிட்ட.” லைனில் சிரித்தார்கள். படுக்கும்முன் அன்றைய நாளைக் கடைசியிலிருந்து முதல்வரை பின்னோக்கி நடப்பேன். ஆறு மாதத்தில், போன வாரம் எந்த நாள் என்ன நடந்தது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் நான் தேடிய நாள் மட்டும் வரவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலை ஷிஃப்ட்டுக்கு மாறிய நாள் அது, சரியாகத் தூங்கவில்லை, கேன்டீனில் உப்புமா. அதுவரை பிடித்துவிட்டேன். பிரஸ் முன்னால் வந்து நின்றால் நீலச் சட்டை வந்துவிடும். எத்தனை தடவை போனாலும் அதே சட்டை.

இந்த வருஷம் வைகாசியில் என் மனைவி குருபரப்பள்ளியில் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். அன்றைக்குக் காலையில் நானே வீட்டைப் பூட்டி, சாவியை வலது பாக்கெட்டில் போட்டேன். தெருவில் இறங்கியதும் சாவி இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தேன். விரலில் இரும்பு தட்டுப்பட்டது. என் வாய் தானாகச் சொன்னது, “சாவி என்கிட்ட.”

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சாம்பல் சட்டை வந்தது. பிரஸ் முன்னால் நிற்கிறேன், கண்ணெல்லாம் எரிகிறது, பார்வை போல்ட் அலமாரிப் பக்கம் இருக்கிறது. பாக்கெட்டைத் தட்டுகிறேன், சாவி தட்டுப்படுகிறது, விரலைப் பேனல் பக்கம் நீட்டுகிறேன், பார்க்கவில்லை, சொல்கிறேன். நான் தட்டியது என் வீட்டுச் சாவி. பிறகு அவன் அலறல். ஓடி வருகிறேன். பேனலில் இருந்த சாவியைத் திருப்பி, உருவி, பாக்கெட்டில் திணிக்கிறேன். உள்ளே ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. இரண்டும் உரசுகின்றன. மேஜைமேல் நான் அத்தாட்சியாக வைத்தது, அவன் விரல் போன பிறகு நான் உருவிய சாவி.

திரும்பி வந்து வீட்டுப் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். போன வருஷம் ஆடியில் எப்போது குருபரப்பள்ளி போனாய் என்று கேட்டேன். “அண்ணனுக்குக் கால் ஒடஞ்சப்ப. ஞாயித்துக்கிழம போயி புதன்கிழம வந்தன். உங்க லைன்ல ஒருத்தருக்கு வெரலு போயிடுச்சுன்னு அங்கதான் போன் பண்ணிச் சொன்னீங்க. ஏன் கேக்கறீங்க?” என்றாள். சும்மா என்றேன்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பதினோரு நாள் சும்மா இருந்தேன். பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது என்று ஒரு மனசு சொல்லும். நோட்டில் தினமும் மூன்று வரி எழுதுவேன், பதினோரு நாளும் மூன்றாவது வரி “இன்றைக்கும் சொல்லவில்லை” என்பதுதான். நோட்டைப் புரட்டிப் பார்க்க அருவருப்பாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் எச்.ஆர். அறைக்குப் போனேன்.

அதிகாரி புதியவர், சின்ன வயது, மரியாதையானவர். முழுக்கக் கேட்டார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து படித்தார்.

“விசாரணைல நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே.”

“அப்ப ஞாபகம் இல்ல சார். இப்பத்தான் வந்துது.”

“நீங்களே மெடிக்கல்ல மறதின்னு எட்டு தடவை பதிஞ்சிருக்கீங்க. மறதி வர்றதுக்கு முன்னாடி சொன்னத விட்டுட்டு, வந்ததுக்கு அப்புறம் சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?”

அந்த ஃபைல் முடிந்துவிட்டது என்றார். என் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். மறதி இருக்கிற ஆளைப் பிரஸ் பக்கம் விடுவது ஆபத்து என்றும், சம்பளத்தில் எந்த மாற்றமும் வராது என்றும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து என்னை டூல் ஸ்டோரில் உட்கார வைக்க உத்தரவு போட்டார். அவனுக்குக் கிடைக்காமல் போன அதே நாற்காலியில்.

ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை பஸ் பிடித்து உத்தனப்பள்ளியில் இறங்கினேன். விசாரித்துப் போனபோது அவன் தக்காளித் தோட்டத்தில் இருந்தான். இடது கையால் பறித்து, வலது கையின் மிச்ச இரண்டு விரலால் கிரேட் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி நாலு வரிசை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். “வாங்கணா. தண்ணி குடிக்கறீங்களா?” என்றான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

நின்றபடியே சொன்னேன். சாவியை நான் எடுக்கவில்லை, அது மெஷினிலேயே இருந்தது, நான் தட்டியது என் வீட்டுச் சாவி, அடிபட்ட பிறகுதான் உருவினேன், கம்பெனியிலும் சொல்லிவிட்டேன், அவர்கள் ஏற்கவில்லை. அவன் கையில் இருந்த தக்காளியைக் கீழே வைத்தான்.

“அப்ப ஆணியில இருந்த சாவிய நான் எடுக்கலயா?”

“நீ எடுக்கல. தப்பு என்னுது.”

அவன் மெதுவாகச் சொன்னான். “ஆஸ்பத்திரில வந்து கேட்டப்ப நான் அதத்தாண்ணா சொன்னன். சாவி மெசின்லயே இருந்தாப்ல இருந்துது, அண்ணன் சொல்றாரேன்னு கைய வுட்டன்னு சொன்னன். அவருக்கு ஞாபகம் தப்பாது, அடிபட்டதுல ஒனக்குத்தான் கொழம்பிடுச்சுன்னாங்க. திரும்பத் திரும்ப அதயே கேட்டாங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்லியே. ரோசன பண்ணிப் பண்ணி, நான் போயி ஆணில இருந்து எடுக்கறது எனக்கே தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வருசமா நாந்தான் எடுத்தன்னு இருக்கறன்.”

தெலுங்கில் மனைவியைக் கூப்பிட்டான். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். அவளிடமும் சொல்லச் சொன்னான். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்துத் தெலுங்கிலேயே, “அவசரக்குடுக்க, அதான் வெரலத் தொலச்சிட்டாருன்னு புள்ளைங்ககிட்டகூடச் சொல்லி வெச்சிருக்கறனே” என்றாள். வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அதெல்லாம் இருக்கட்டும்ணா. இன்னொருதரம் சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் எடுக்கறாப்ல தெரியுதில்ல, அது போற வரைக்கும் சொல்லுங்க.”

காலையில் பேனல் முன்னால் நின்றதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே இன்னொருதரம் என்றான். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“இன்னும் நாந்தாண்ணா எடுக்கறன்.”